மருந்து அளக்கும் மேஜை

1990களின் பிற்பகுதியில் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போகிறவனை யாரும் நல்லபடியாகப் பார்க்க மாட்டார்கள். சுட்டு முடிந்ததும் ஆளாளுக்குக் குனிந்து தங்கள் கூடுகளைப் பொறுக்குவார்கள். பொறுக்கியதைத் தோட்டா வந்த அட்டைப் பெட்டியிலேயே அடுக்கி வீட்டுக்குக் கொண்டு போவார்கள். எழுபது வயதுக்காரர்கள்கூட ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புல்லைத் துழாவுவார்கள். ரைஃபிள் தோட்டாவில் இருப்பது நான்கே பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்திருந்து தீ மூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. விசையை இழுத்தால் மற்ற மூன்றும் தீர்ந்துபோகும், கூடு மட்டும் மிஞ்சும். நான்கில் விலை கூடியதும் அந்தக் கூடுதான். அதை மறுபடி நிரப்பத் தெரிந்தவருக்குக் கடை விலையில் பாதிக்குள் தோட்டா கிடைத்தது. சோளமும் மாடும் வளர்த்துப் பிழைக்கும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

அந்த ஊரில் இந்தப் பழக்கம் வேர் பிடித்ததற்குக் காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஊருக்கு மேற்கே கார்ன்ஹஸ்கர் ஆர்டினன்ஸ் பிளான்ட் என்ற பெயரில் விமானக் குண்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் நிரப்பும் ஆலை எழுந்தது. தெற்கே 25 மைலில் ஹேஸ்டிங்ஸ். அங்கே கடற்படையின் மிகப் பெரிய வெடிபொருள் கிடங்கு இருந்தது. 1944 செப்டம்பரில் அங்கே நடந்த வெடிவிபத்தில் ஆட்கள் செத்தார்கள், நிலத்தில் பெரும் பள்ளம் விழுந்தது. கார்ன்ஹஸ்கர் ஆலையின் காவலர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்க வந்தவர் ஜாய்ஸ் ஹார்னடி. போர் முடிந்த பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. விளையாட்டுச் சாமான் கடை வைத்தார். 1949இல் போர் உபரியாக விலைக்கு வந்த இயந்திரத்தை வாங்கி ரைஃபிள் குண்டுகள் செய்ய ஆரம்பித்தார். முதலில் செய்தது 30 காலிபரில், 150 கிரெய்ன் எடையுள்ள கூர்முனைக் குண்டு. (இந்தத் தொழிலில் எல்லாவற்றுக்கும் கிரெய்ன்தான் எடை. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு.) இன்று அந்தக் கம்பெனியின் சிவப்புப் பெட்டி உலகமெங்கும் போகிறது. நான் அந்த ஊருக்கு வேலைக்குப் போனபோது, பக்கத்துத் தெருவில் கேட்டால்கூட வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்ப்பதாகச் சொல்வார்கள்.

போர் விட்டுப்போன மிச்சத்தை வைத்துத்தான் அமெரிக்காவில் இந்தக் கைத்தொழிலே பரவியது. கான்சஸில் எரிவாயு கம்பெனி ஒன்றில் விற்பனையாளராக இருந்த புரூஸ் ஹாட்ஜ்டன், ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி, ராணுவம் கழித்துவிட்ட 4895 என்ற மருந்தை மொத்தமாக வாங்கினார். வைக்க இடமில்லை. ஒரு பண்ணையின் மேய்ச்சல் நிலத்தை வாடகைக்கு எடுத்துப் பழைய ரயில் பெட்டி ஒன்றை அதில் நிறுத்தி அதற்குள் வைத்தார். பத்திரிகையில் ஓர் அங்குல விளம்பரம் கொடுத்து, 150 பவுண்டை 30 டாலருக்கு விற்றார். கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன், சுட்டுப் போட்ட .22 தோட்டாக் கூடுகளையே அச்சில் அழுத்திக் குண்டுக்கு மேலுறையாக்கும் கருவியைச் செய்து விற்றார். குப்பை, உபரி, மிச்சம் இவற்றிலிருந்து எழுந்த தொழில் இது. இன்று ஒரு பவுண்டு மருந்து 50 டாலரைத் தொடுகிறது என்று கேட்டால் ஹாட்ஜ்டனின் முதல் வாடிக்கையாளர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

நான் வளர்ந்தது நீலகிரியில், அருவங்காட்டில். அப்பாவுக்குக் கார்டைட் ஃபேக்டரியில் வேலை. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் அந்த ஊரைத் தொட்டுத்தான் போகும். 1903இல் வெள்ளைக்காரன் கட்டிய ஆலை அது. .303 தோட்டாவுக்கு வேண்டிய புகையில்லா மருந்தை இந்தியாவிலேயே செய்வதற்காகக் கட்டியது. பிரான்ஸில் பால் வியெய் 1884இல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த சில ஆண்டுகளில் இங்கிலாந்து தன் பங்குக்குக் கண்டுபிடித்ததுதான் கார்டைட்: முதல் வகையில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோ கிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, மீதி 5 பங்கு வாசலைன். ஆலைக்கு மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து வந்தது. கட்டடத்துக்குக் கட்டடம் தூரம் விட்டு, நடுவில் மண்மேடு எழுப்பியிருப்பார்கள். ஒன்று போனாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்ற கணக்கு. வாசலில் தீப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆனாலும் வாசலைத் தாண்டும்போது சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம், ஓய்வு பெற்ற பிறகு கோயிலுக்குப் போகும்போதும் அவரை விடவில்லை.

அப்பா வருஷக்கணக்காக மருந்து செய்தார். ஆனால் ஒரு தோட்டா உருவாவதை அவர் பார்த்தது கிடையாது. மருந்து இங்கே, தோட்டா புனேயை அடுத்த கட்கியில். ஆலைகளின் அமைப்பே அப்படி. ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு துண்டு வேலை செய்து, கடைசியில் யாரோ ஒருவர் துப்பாக்கிக்குள் அந்தத் தோட்டா போய்ச் சேரும். வேலை முடிந்த தோட்டாவை மேஜையில் நிறுத்தி, 'இது நான் செய்தது' என்று சொல்லக்கூடிய ஆள் அந்தச் சங்கிலியில் எங்கும் கிடையாது. தனி ஆள் வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்புவது நம் ஊரில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தோட்டா செய்வதற்கே லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவில் விற்பனைக்குச் செய்தால்தான் மத்திய அரசின் லைசென்ஸ். சொந்த உபயோகத்துக்கு வேண்டியதில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரயில்வே ஒர்க்ஷாப்பில் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசாவில் இருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி விஷயத்தில் தடைகள் அதிகம். எனக்குக் க்ரீன் கார்டு வந்த பிறகே அவர் என்னைத் தன் ரைஃபிளைத் தொட விட்டார். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 தோட்டாவைச் சுடும் ரைஃபிள் அது. சுடுவதில் எனக்கு ஓரளவுதான் ஆசை. அவருடைய கார் ஷெட்டின் ஓரத்தில் இருந்த மேஜைதான் என்னை இழுத்தது. தடித்த பலகை, அதில் போல்ட் போட்டு முறுக்கிய பச்சை நிறப் பிரஸ், அதற்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டிய குறிப்பேடு. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். மற்றவை அலமாரியில். இது அவர் சொன்ன முதல் விதி. காரணத்தையும் சேர்த்தே சொன்னார். கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்தும் ரைஃபிளுக்கான மெதுவான மருந்தும் ஒரே கருஞ்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். கொட்டி வைத்தால் பெயர் தெரியாது. மாற்றி ஊற்றினால் ரைஃபிள் கையிலேயே சிதறும்.

முதல் நாள் மருந்தையே தொடவில்லை. பித்தளையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தோட்டாக் கூட்டில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து, ரைஃபிளில் அது உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி வாயு பின்னால் வராமல் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்ததும் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். .30-06இல் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகலாம். அத்தனையையும் தாங்கிய கூடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் களைத்துப்போகிறது. களைப்பு முதலில் தெரிவது கழுத்தில், மெல்லிய கீறலாக. அதைவிட ஆபத்து அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, உள்பக்கமாகத் தேய்வது. வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். நுனி வளைத்த ஒரு பேப்பர் கிளிப்பைக் கொடுத்தார். கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். நல்ல கூட்டில் கம்பி தடையில்லாமல் வரும். தேய்ந்த கூட்டில், அந்த இடத்தில் கம்பியின் நுனி ஒரு பள்ளத்தில் இடறும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம். விரல் நுனிக்கு மட்டும்தான் தெரியும். அப்படி இடறிய ஒன்றை எடுத்து, வாயை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டார். நசுக்காமல் போட்டால் இன்னொருவர் பொறுக்கி நிரப்பிவிடுவார் என்றார். முன்பின் தெரியாத ஆளுக்காகவும் அந்த ஒரு விநாடி வேலையைச் செய்யும் மனுஷன். அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

கூடுகளைச் சுத்தம் செய்ய ஒரு அதிரும் தொட்டி இருந்தது. அதில் போட்டது உடைத்த சோளக்கட்டைத் தூள். நெப்ராஸ்காவில் அதற்கா பஞ்சம்? இரவு முழுக்க ஓடினால் காலையில் பித்தளை மஞ்சளாக மின்னும். அடுத்து எண்ணெய்ப் பசை. கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் எஃகு அச்சுக்குள் தள்ளுவதற்கு முன் வெளிப்பக்கம் பசை தடவ வேண்டும். குறைந்தால் கூடு அச்சுக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். துளை போட்டுத் திருகு மாட்டித்தான் பிடுங்க வேண்டும். கூடினால் பசைக்குப் போக இடமில்லாமல் கூட்டின் தோள்பட்டையை அமுக்கிக் குழி போட்டுவிடும். எவ்வளவு என்று வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டு, ஒரு கூட்டை உருட்டிக் காட்டி, என் விரலில் வைத்தார். பிசுபிசுப்பு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. பிரஸ்ஸின் நெம்புகோலை இறக்கினால் கூடு மேலே ஏறி அச்சுக்குள் போகும். பழைய பிரைமர் அடியிலிருந்து 'டக்' என்று விழும். அந்த முதல் இழுப்பில் எவ்வளவு பலம் வேண்டும் என்பதைக் கை தானே கற்றுக்கொண்டது.

பழைய பிரைமரை அப்படி ஒரு ஊசியால் தள்ளிவிட முடிவதற்கே ஒரு விசித்திரமான வரலாறு இருக்கிறது. 1866இல் அமெரிக்கர் ஹைரம் பெர்டன் ஒரு வகைப் பிரைமரை அமைத்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் வுல்விச்சில் எட்வர்ட் பாக்ஸர் இன்னொன்றை அமைத்தார். பெர்டன் வகையில் பட்டடை (அடி விழும்போது பிரைமரின் மருந்து நசுங்கும் முளை) கூட்டின் அடியிலேயே நடுவில் நிற்கும், தீ போக இரண்டு சிறு துளைகள் இருக்கும். பாக்ஸர் வகையில் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும், கூட்டில் நடுவில் ஒரே துளைதான். ஒரே துளை என்றால் நேராக ஊசியை விட்டுப் பழையதைத் தள்ளிவிடலாம். அமெரிக்கரின் கண்டுபிடிப்பை ஐரோப்பா எடுத்துக்கொண்டது, ஆங்கிலேயருடையதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. இன்று அமெரிக்க வீடுகளில் இத்தனை லட்சம் பேர் கூடு நிரப்புகிறார்கள் என்றால், அதற்கு வுல்விச் ராணுவ அதிகாரி ஒருவரின் ஒற்றைத் துளைதான் காரணம். அவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

புதுப் பிரைமரைப் பதிக்கும்போது பெரியவர் பக்கத்திலேயே நின்றார். கண்ணாடி போட்டிருக்கிறேனா என்று பார்த்தார். தோட்டாவில் அடிபட்டு வெடிக்கும் ஒரே பொருள் அதுதான். கூட்டின் அடிக்குச் சமமாக இல்லாமல், மயிரிழை உள்வாங்கி உட்கார வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் ரைஃபிளின் போல்ட்டை மூடும்போதே தொல்லை. பதித்த ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர் துளை போட்டுச் செய்த மரக்கட்டையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். மருந்து போட்ட கூடு மட்டும்தான் வாய் மேலாக நிற்கலாம், மற்றதெல்லாம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். எது நிரம்பியது, எது காலி என்பதில் அப்படிச் செய்தால் குழப்பமே வராது.

அதன் பிறகு மருந்து. இரண்டு கம்பெனிகளின் கையேடுகளைத் திறந்து, ஒரே குண்டுக்கும் ஒரே மருந்துக்கும் இரண்டும் என்ன சொல்கின்றன என்று ஒப்பிடச் சொன்னார். குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். மேலே எவ்வளவு போகலாம் என்பதைக் கையேடு சொல்லும், ஆனால் உன் ரைஃபிள் அதற்குச் சம்மதிக்கிறதா என்பதைச் சுட்ட கூடுதான் சொல்லும் என்றார். எனக்காக அவர் எடுத்தது மெதுவாக எரியும் மருந்து. காரணம் கேட்டேன். சரியான அளவு போட்டாலே அது கூட்டில் முக்கால் பங்குக்கு மேல் நிற்கும். கவனம் தப்பி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து மேஜையில் கொட்டும். புதிதாகக் கற்கிறவனின் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் மருந்து. கற்றுக்கொடுப்பதில் இவ்வளவு யோசனையை நான் படித்த எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

தராசு, நகை ஆசாரியின் தராசு மாதிரி இரும்புத் தண்டும் ஒரு பக்கம் தட்டுமாக இருந்தது. தண்டில் நகரும் எடைகளை அளவுக்கு வைத்து, முதலில் கரண்டியால் கொஞ்சம் குறைவாகவே தட்டில் போட்டேன். மீதிக்கு ஒரு சிறு கருவி: சாய்ந்த குழாய், அதன் முனையில் திருகு. திருகைச் சுற்றினால் மருந்து துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தட்டில் உதிரும். கரிக்கோல் முனையை நறுக்கிய மாதிரி நீளத்தில் கறுத்த சிறு உருளைகள் அவை. நான்கைந்து விழும்வரை முள் அசையாது. பிறகு யோசித்துக்கொண்டே எழுவதைப் போல எழும். கோட்டைத் தாண்டும், திரும்பும், மறுபடி தாண்டும், கோட்டிலேயே நிற்கும். ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை அது சொல்லிவிடும், ஆறரை மில்லிகிராம். மூச்சு பட்டாலும் ஆடும் என்பதால் ஷெட்டின் கதவை மூடியிருந்தோம், வெளியே பிளாட் ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கூட்டுக்கும் இதே வேலை. ஒரு பெட்டி முடிப்பதற்குள் அந்தி சாய்ந்தது.

எல்லாவற்றிலும் மருந்து விழுந்ததும் குண்டை எடுக்கப் போனேன். பெரியவர் கையைத் தடுத்தார். டார்ச்சை எடுத்துக் கொடுத்து, மரக்கட்டையில் வரிசையாக நிற்கும் கூடுகளின் வாயில் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டுப் பார்க்கச் சொன்னார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா? எதிலாவது தாழ்ந்திருக்கிறதா? எதுவாவது காலியா? நான் பார்த்த பிறகு அவரும் பார்த்தார். என்னை நம்பாமல் அல்ல. தனியாகச் செய்யும் நாளிலும் அவர் இருமுறை பார்ப்பார். அதற்குப் பிறகே குண்டை வாயில் நிறுத்தி நெம்புகோலை இறக்கினேன். முழு நீளத்தை அளந்து சரிபார்த்தோம். பெட்டியின் மேல் மருந்தின் பெயர், அளவு, குண்டு, பிரைமர், தேதி, தயாரிப்பு எண் எல்லாம் எழுதி ஒட்டச் சொன்னார். மேஜையில் மிஞ்சிய மருந்து அதன் டப்பாவுக்கே திரும்பிப் போன பிறகுதான் காபி வந்தது. அதுவும் கை கழுவிய பிறகு.

அந்த வாரம் அப்பாவுக்குப் போன் செய்தபோது சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "ஏன் கண்ணு, அடுப்பு எத்தனை தூரத்துல இருக்கு?"

ஷெட் வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கிறது என்றேன்.

"மருந்த எதுல வெச்சிருக்கீங்க?"

கம்பெனி டப்பாவிலேயே, மர அலமாரியில் என்றேன். இரும்புப் பெட்டி இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டார். "நல்லா இறுக்கி அடைச்ச இரும்புப் பெட்டிதான் கண்ணு ஆபத்து. தெறந்த வெளியில தீப்பிடிச்சா புஸ்ஸுனு எரிஞ்சு போயிரும். வாயு வெளிய போக வழி இல்லாம அடைச்சு வெச்சா அதுதான் வெடிக்கும்." பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு சிட்டிகை மருந்தைச் சிமெண்ட் தரையில் கொட்டி, நீளத் தீக்குச்சியால் பற்ற வைத்தார். மஞ்சள் சுவாலை எழுந்து இரண்டு விநாடியில் அடங்கியது, வெடிச் சத்தமே இல்லை. "உன் அப்பாவை இங்கே கூட்டி வா" என்றார்.

அப்பா ஒரு கோடையில் வந்தார். இரண்டு கிழவர்களுக்கும் பொதுவாக மொழி கொஞ்சம்தான் இருந்தது; நான் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொன்னேன். அப்பா முதலில் கேட்டது மருந்து டப்பாவைத்தான். லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக் கடைசி வரி வரை படித்தார். அமெரிக்காக்காரர்கள் தலைமுறையாக நம்பிய ஐஎம்ஆர் வரிசை மருந்து. செய்யப்பட்ட இடம் கனடா என்று போட்டிருந்தது. 'இவ்வளவு பெரிய நாட்டுல இதுக்கு ஒரு ஃபேக்டரி இல்லையா' என்று அவருக்கு ஆச்சரியம். துணுக்குகளைக் காகிதத்தில் கொட்டி, ஒன்றைக் குறுக்காக வெட்டச் சொல்லி, பூதக்கண்ணாடியில் அதன் நடுத்துளையைப் பார்த்தார். எரியும்போது வெளிப்பரப்பு குறையக் குறைய உள்துளை பெருகும், அதனால் வாயு ஒரே சீராக வரும் என்று அவர் விளக்க, பெரியவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஐம்பது வருஷமாக அந்த மருந்தை அளந்து ஊற்றியவருக்கு அந்தத் துளை எதற்கு என்று சொல்ல ஆள் கிடைத்தது அன்றுதான். பிறகு அப்பாவின் கையில் ஒரு கூட்டைக் கொடுத்து, குண்டை வைத்து நெம்புகோலை இறக்கச் சொன்னார். அப்பா மெதுவாக இறக்கினார். வந்த தோட்டாவை உருட்டிப் பார்த்தார். சுடுகிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, "இதுல அந்தக் கடைசி டார்ச் லைட் பாக்குறது இருக்கே, அதுதான் சரி" என்றார்.

நான் நிரப்பிய முதல் பெட்டியைச் சுட்டது தெரிந்தவர் பண்ணையில், 100 கஜத்தில். மூன்று மூன்றாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் கூட்டை எடுத்துப் பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, போல்ட் இறுகுகிறதா என்று பார்த்தோம். நல்ல வரிசையில் மூன்று துளைகளும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தன. கடைத் தோட்டாவில் அந்த ரைஃபிள் அவ்வளவு நெருக்கமாகச் சுட்டதில்லை. கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் வெடிக்கப் போவது நான் அளந்த மருந்து என்ற எண்ணத்தோடு விசையில் விரல் வைப்பது வேறு மாதிரி அனுபவம். இதில் பழி போட ஆலையோ மேஸ்திரியோ இல்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. அப்போது ஆயிரம் பிரைமர் 20 டாலருக்குள் வாங்கலாம். 2020இல் வந்த தட்டுப்பாட்டில் கடைகளில் அலமாரியே காலி. திரும்பக் கிடைக்க ஆரம்பித்தபோது விலை மூன்று நான்கு மடங்கு. சிக்கனத்துக்காகத் தொடங்கிய வேலையில் இன்று யாரும் சிக்கனம் பேசுவதில்லை. என்னிடம் கற்றுக்கொள்ள வரும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான், ஒமாஹாவில் வேலை. முதல் தோட்டாவை நிரப்பும் முன்பே அவன் செலவழித்த தொகையில் பெரியவர் இருபது வருஷம் சுட்டிருப்பார். ஆனால் கருவிகள் நல்ல கருவிகள், அதை மறுக்க முடியாது. பொத்தானை அழுத்தினால் கருவியே மருந்தை எடை போட்டுத் தட்டில் கொட்டுகிறது, சில விநாடியில். குண்டின் வேகம் பார்க்க முன்பெல்லாம் முக்காலியில் இரண்டு சட்டகங்களை நிறுத்தி, வெளிச்சம் சரியில்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். 2023இல் கார்மின் கம்பெனி விட்ட ஜீரோ சி1 புரோ உள்ளங்கையில் அடங்கும் ரேடார். துப்பாக்கிப் பக்கத்தில் வைத்தால் போதும், 600 டாலர். எனக்கும் ஒன்று இருக்கிறது. பெரியவர் இருந்திருந்தால் முதல் நாளே அதைப் பிரித்துப் பார்த்திருப்பார்.

பையனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். மின்தராசு எண் காட்டியதும் கூட்டில் ஊற்றிக் குண்டை எடுத்துவிடுகிறான். டார்ச் எங்கே என்றால், "ஸ்க்ரீன்லதான் காட்டுதே அங்கிள்" என்கிறான். திரை காட்டுவது தட்டில் இருந்ததை. கூட்டுக்குள் போனதை அது பார்க்கவில்லை. புனலில் நான்கு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு கூடு வரிசையில் விட்டுப்போயிருக்கலாம். மின்தராசு குளிரில் நகரும், காற்றில் நகரும், பக்கத்தில் செல்போனை வைத்தாலும் சில சமயம் நகரும். அதனால் சோதனை எடையைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கையேடே சொல்கிறது. அவனுக்கு நான் முதல் பெட்டி முழுவதையும் பழைய இரும்புத் தராசில்தான் அளக்கக் கொடுத்தேன். முகம் சுளித்தான். பாதிக்கு மேல் போனதும் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், போன் அடித்தும் எடுக்கவில்லை.

நவம்பர் நடுவில் நெப்ராஸ்காவில் மான் வேட்டைக்கு 9 நாள். அவன் இந்த வருஷம் முதல் முறையாகப் போகிறான். போன மாதம் கடையில் எங்களுக்குக் கிடைத்த மருந்து டப்பா அதே பெயர், அதே கம்பெனி. ஆனால் தயாரிப்பு எண் வேறு. எண் மாறினால் எரியும் வேகம் கொஞ்சம் மாறலாம். பழைய அளவை அப்படியே போடக் கூடாது, கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி மெல்ல ஏற வேண்டும். குறிப்பேட்டில் புதுப் பக்கம் எடுத்து அவனையே எழுதச் சொன்னேன். எழுதினான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்றான். ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் கூடுகளைக் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.